மில் காசும் கல்லூரி வாசலும்

1926-ல் கோவை பீளமேட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர். ஆனால் சொத்தை ஐந்து பங்காகப் போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. இன்று அவிநாசி சாலையில் நிற்கும் பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்களுக்கு அந்தப் பங்குதான் முதல். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் வந்தது. அதற்கும் முன்பு, 1945-ல், ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரி, இப்போது தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. கோவையில் ஆலை கட்டியவர்களே கல்லூரியும் கட்டினார்கள்.

இடங்கள்தான் சொற்பம். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கோ, பல்லடம் பக்கத்துத் தோட்டக்காரரின் பிள்ளைக்கோ பி.இ. என்பது எட்டாக்கனியாகவே வெகுகாலம் இருந்தது.

1980களில் நிலைமை மாறியது. விசைத்தறி, பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, லாரி என்று விவசாயக் குடும்பங்களின் கையில் காசு புழங்கத் தொடங்கிய நேரத்தில், சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு வழிவிட்டது. 1984-ல் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவையில் குமரகுருவும் தொடங்கின. திருப்பூரில் கூலிக்கு வேலை பார்த்துப் பின்பு முதலாளியான கவுண்டர் குடும்பங்களைப் பற்றி ஆய்வாளர் ஷரத் சாரி தனி நூலே எழுதியிருக்கிறார். அதிகம் படிக்காமல் கம்பெனி வைத்த அந்தத் தலைமுறைதான் பிள்ளைகளின் படிப்புக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கிய காலம் அது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது குடும்பத்தின் அளவு. தமிழகத்தில் பிள்ளைப்பேறு முன்கூட்டியே குறைந்த பகுதிகளில் கொங்கு நாடும் ஒன்று. தோட்டங்காட்டைத் துண்டு போட மனமில்லாதவர்களும், பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்க்க நினைத்தவர்களும் இரண்டோடு நிறுத்தினார்கள். பல வீடுகளில் ஒன்றோடு. ஒற்றைப் பிள்ளை பெண்ணாக இருந்தால், அவள் படிப்புக்கும் அதே பணம், அதே அக்கறை. பெண் பட்டம் வாங்கிவிட, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்ட பையனுக்குப் பெண் அமையவில்லை என்ற பேச்சு இன்று எந்தக் கல்யாண வீட்டிலும் காதில் விழும்.

ஏழை வீட்டுப் பெண்ணின் கதை வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவலாக இருந்தது. பதின்ம வயதுப் பெண் ஆலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை வரும். அது கல்யாணச் செலவுக்கு. ஒரு பட்டப்படிப்பு முடிகிற அதே மூன்று ஆண்டு! நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவே இல்லை. இப்போது சில ஆலைகள் விடுதியிலேயே மாலையில் பாடம் நடத்தித் தொலைநிலைப் பட்டம் வாங்க உதவுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு படிப்பதை, பகலில் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதற்கு ஈடாகச் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கா, படிப்புக்கா என்ற இந்தக் கணக்கைப் பெரிய அளவில் மாற்றிப்போட்டது அரசு. திருமணத்துக்கு உதவிப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

இதே உதவியைப் பையன்களுக்குத் தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அதன் தேவையை உணர ஒரு திருப்பூர்க் கோடை போதும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பையன் பனியன் கம்பெனிக்குப் போகிறான்: கைமடி, செக்கிங், அயர்னிங் எதுவானாலும் சரி. ரிசல்ட் வருவதற்குள் சில சனிக்கிழமைச் சம்பளங்களை எண்ணிப் பார்த்துவிடுகிறான். தவணையில் போன் வந்துவிடுகிறது, வீட்டு வாடகையில் அவன் பங்கும் சேர்ந்துவிடுகிறது. ஜூலையில் கல்லூரி கூப்பிடும்போது, மாதம் ஆயிரம் ரூபாய் வாரச் சம்பளத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2021-22 கணக்குப்படி உயர்கல்வி வயதில் இருக்கும் 100 பேருக்குச் சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47, இந்தியாவில் 28.4. பெருமைப்பட வேண்டிய எண். 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வை நீக்கியதும், 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்ததும் அதற்கு உரமிட்டவை. ஆனால் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1981-82 முதல் கோவை வட்டாரக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆய்வு செய்த ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் ஜூடித் ஹேயர், தொழில் வளர்ந்த அதே ஊர்களில் தலித் குடும்பங்கள் பின்தங்கியே நின்றதைப் பதிவு செய்திருக்கிறார். பண்ணையத்திலிருந்து விடுபட்டவர்கள் சிலர் விசைத்தறிக் கூடத்தில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டார்கள். முன்பணம் தீராத வீட்டில் மூத்த பிள்ளையின் படிப்புதான் முதலில் நிற்கும். மேற்கு மாவட்டங்களில் அதிகம் வாழும் அருந்ததியருக்கு 2009-ல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது; இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது.

இன்னொரு பக்கம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் 500-ஐத் தாண்டியிருந்த தமிழகப் பொறியியல் கல்லூரிகள் இன்று 400 சொச்சம். பிள்ளைகள் குறைந்ததும் ஒரு காரணம். வேலை கிடைக்காத பட்டத்தின் மேல் வந்த சலிப்பு இன்னொரு காரணம். இருக்கிற கூட்டமும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே போகிறது. பம்பு செட்டுக்கும் வார்ப்பாலைக்கும் பேர்போன கோவையில் மெக்கானிக்கல் வகுப்பறை சுருங்குவதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆக, கல்லூரியில் இடம் கிடைப்பது இன்று பெரிய காரியமில்லை. விரும்பிய பாடம், கட்டுப்படியாகும் கட்டணத்தில் கிடைப்பதுதான் கடினம்.

உள்ளூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதால் காலியான தையல் மெஷின்களில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள்; திருக்குறள் ஒப்பிக்கிறார்கள், தமிழில் பரீட்சை எழுதுகிறார்கள்.

இவர்கள் பிளஸ் டூ முடிக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருந்தாலும், குடிபெயர்ந்து வந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. எனவே தமிழகச் சாதி ஒதுக்கீட்டில் இவர்களுக்கு இடமில்லை. பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். பீகாரில் போய் விண்ணப்பிப்பதும் எளிதல்ல. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அப்பா, அதிகக் கட்டணத்தில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்கப்போவதும் இல்லை.

புதுமைப்பெண் திட்டமும், மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதை முக்கிய அளவுகோலாக வைத்தன. இதே வழியில், சாதி ஒதுக்கீட்டில் யார் பங்கும் குறையாமல், கல்லூரிகளில் நிரம்பாமல் போகும் இடங்களையும் கட்டணச் சலுகையையும் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடத் தமிழக அரசு முன்வர வேண்டும். திருப்பூரின் ஒன்றாம் வகுப்புகளில் இன்று ‘அ’ எழுதிப் பழகும் போஜ்புரி, ஒடியா வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் பதினோரு ஆண்டுகள்தான் இருக்கின்றன.