வெண்ணந்தூர்ச் சேலைக்கு ஒரு வரிக் கணக்கு

வெண்ணந்தூர், ராசிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவில் உலக வணிகம் நுழையும் இடம், நீளவாக்கில் ஓடும் பாவுதான். பாவு இழை அறுந்தால் தறி நிற்கும். அதனால் ஒரே சீராக வரும் சீனப் பட்டைப் பாவுக்கும், நாட்டுப் பட்டைக் குறுக்கிழையான ஊடைக்கும் போடுவது நம் பட்டுத் தறிகளில் நெடுநாள் வழக்கம். சேலை இங்கே நெய்யப்படுகிறது. அதன் விலையில் ஒரு பகுதியைத் தீர்மானிப்பது டெல்லியில் போடும் சுங்க வரி.

முதலில் சரக்குக் கணக்கு. அரை கிலோ பட்டு உள்ள ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை போக்கும்போது எடையில் கால் பங்கு போய்விடும். ஆக, சேலையில் 500 கிராம் நிற்க 667 கிராம் கச்சாப் பட்டு வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோ பட்டுக்கூடு என்றால், சேலைக்கு 4.7 கிலோ. கூடு ஒன்றுக்கு 1.7 கிராம் வைத்தால் சுமார் 2,750 கூடுகள்.

தறியில் இன்னொரு கணக்கு. 48 அங்குல அகலம், 6.2 மீட்டர் நீளம், அங்குலத்துக்கு 60 ஊடை. நாடா 14,640 தடவை பாவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். ஒரு சேலையில் ஓடும் ஊடை நூலின் நீளம் மட்டும் 17.8 கிலோமீட்டர். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது எல்லாம் இதில் சேராத உழைப்பு. வீட்டுப் பெண்கள் செய்யும் அந்த வேலைக்குத் தனிக் கூலி போடும் வழக்கம் அரிது. இது நியாயமே இல்லை.

இப்போது வரி. கச்சாப் பட்டுக்கு இருந்த 30 விழுக்காடு இறக்குமதி வரி 2011 பட்ஜெட்டில் 5 ஆனது. 2013-ல் 15. நடுவே 10-க்கு இறங்கி, 2021 பட்ஜெட்டில் மறுபடி 15. கணக்குக்கு வசதியாகக் கிலோ 4,000 ரூபாய்க்கு வந்திறங்கும் பட்டு என்று கொள்வோம். 30 விழுக்காடு என்றால் வரி 1,200 ரூபாய். 15 என்றால் 600. 5 என்றால் 200. முப்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் கிலோவுக்கு 1,000 ரூபாய் மிச்சம். முழுக்க இறக்குமதிப் பட்டே போட்ட சேலையானால் 667 ரூபாய்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. ராசிபுரத்திலேயே பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. நாட்டுப் பட்டின் விலையும் அதே ஆயிரம் இறங்கினால், கூட்டுக்குக் கிலோவுக்கு 143 ரூபாய் அடி. 100 முட்டைத் தொகுதி வளர்த்து 75 கிலோ கூடு எடுக்கும் குடும்பத்துக்கு ஒரே அறுவடையில் 10,700 ரூபாய் போய்விடும். 2011 வரிக் குறைப்பை எதிர்த்துக் கர்நாடகக் கூடு விவசாயிகள் போராடியதன் காரணம் இதுதான். வரி ஏறினால் நெசவாளிக்கு நெருக்கடி, இறங்கினால் மல்பெரித் தோட்டத்துக்கு. இரண்டு வீடும் ஒரே தாலுகாவில் இருக்கின்றன. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தும் இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது.

நாட்டுக் கணக்கில் நிலைமை முன்னேற்றம் போலத்தான் தெரியும். கச்சாப் பட்டு உற்பத்தி 2017-18-ல் 31,906 டன், 2023-24-ல் 38,913 டன். 22 விழுக்காடு வளர்ச்சி. இதில் மல்பெரிப் பட்டு 29,892 டன். பட்டு, பட்டுப் பொருள் ஏற்றுமதி 1,649 கோடி ரூபாயிலிருந்து 2,027 கோடியானது; 23 விழுக்காடு. ஆனால் அதே காலத்தில் டாலரின் சராசரி மதிப்பு 64.5 ரூபாயிலிருந்து 82.8-க்கு ஏறியிருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: 25.6 கோடி டாலர், 24.5 கோடியாகக் குறைந்திருக்கிறது. வெளிநாட்டார் நம் பட்டுக்குத் தரும் பணம் கூடவில்லை. ரூபாய் இளைத்ததைத்தான் வளர்ச்சி என்று எழுதி வைத்திருக்கிறோம்.

தமிழக அரசு 2023-ல் கைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300-ஆக உயர்த்தியது. நல்ல உதவி. என்றாலும் நூல் விலைக்கு முன்னால் அது சின்னத் தொகை.

வரியைத் தொடாமலே நூல் விலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. நல்ல வெண்கூடும் தானியங்கி நூற்பு எந்திரமும் சேர்ந்தால் 7 கிலோவுக்குப் பதில் 6 கிலோ கூட்டிலேயே ஒரு கிலோ பட்டு எடுக்கலாம். இழையும் பாவுக்குத் தாங்கும். கூடு கிலோ 500 ரூபாய் என்றால், விவசாயிக்கு ஒரு ரூபாய் குறைக்காமல் நூலில் கிலோவுக்கு 500 மிச்சம். 4,000 ரூபாய்ப் பட்டுக்கு இது 12.5 விழுக்காடு வரிக்குச் சமம். சேலைக்கு 333 ரூபாய். அந்த 333-ல் பாதியாவது கூலியாகத் தறிக்காரர் கைக்குப் போக வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கங்களும் ஜவுளிக்காரர்களும் இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.