மலைமாடு ஏன் குறைவாகக் கறக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவீதியில் விறகடுப்பு மேல் பால் சுண்டும் வாசனை தெருமுனை வரை வரும். ஆனால் ஊருக்கு மேற்கே, ராஜபாளையம் வரை நீளும் மலையடிவாரத்தில் மேயும் மலைமாட்டின் மடியில் தேறுவது ஒன்றிரண்டு லிட்டர்தான். நன்றாகப் பராமரித்த கலப்பினப் பசு எட்டு, பத்து லிட்டர் கறக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம் இனம். மலைமாட்டைப் பாலுக்காக யாரும் வளர்த்ததில்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் எருவுக்குக் காசு. கன்றை விற்றால் காசு. பால் பெரும்பாலும் கன்றுக்கே. மேற்கு ஆப்பிரிக்காவின் ந்டாமா மாடும் இப்படித்தான். செட்சி ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயைத் தாங்கும், பால் கொஞ்சம்தான். பிழைத்துக் கிடக்கப் பழகிய உடம்பு, மடிக்கு மிச்சம் வைப்பதில்லை.

இரண்டாவது தீனி. காய்ந்த புல்லும் சோளத்தட்டையும் உயிரைப் பிடித்துவைக்கும், மடியை நிரப்பாது. உடம்புக்கு வேண்டியது போக, இரண்டரை லிட்டர் பாலுக்குச் சுமார் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது பொதுக் கணக்கு. பாலில் 87 சதவீதம் தண்ணீர். சித்திரை வெயிலில் தொட்டி வறண்டால் மறுநாளே கறவை குறையும். வெயிலை நாட்டுமாடு தாங்கும். கலப்பினம் மூச்சிரைத்துத் தீனியைக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது கன்று. கன்று முட்டி நாலு வாய் ஊட்டிய பிறகுதான் நாட்டுமாட்டின் காம்பு விறைத்துப் பால் இறங்கும். ஆளை மாற்றினாலோ அதட்டினாலோ அடக்கிக்கொள்ளும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல.

நான்காவது ஈற்று. கன்று போட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் பால் உச்சத்துக்குப் போய், பிறகு வடியத் தொடங்கும். மாடு ஓயாமல் கத்துவதையும் கண்ணாடி போல் வழும்பு ஒழுகுவதையும் கவனிக்காமல் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். ஈற்று தள்ளத் தள்ள வறட்டு நாள் கூடும்.

இவற்றோடு மேய்ச்சல் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மாடு மேய்க்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காட்டைக் காக்க வேண்டியதுதான். காட்டை நம்பிய மந்தைக்கு மாற்று மேய்ச்சல் நிலமும் வேண்டும்.

இனத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது. தீனி, தண்ணீர், பருவம் மூன்றும் வளர்ப்பவர் கையில் இருக்கின்றன. மாடு கறக்கவில்லை என்று விலை பேசும் முன், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.