ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை உதைப்பதைவிட ஓடுவதில்தான் அதிகம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரணியினர் பாய்ந்து மடக்குவதுமே ஆட்டம். மைதானத்தின் நீளம் 100 கஜம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பார்கள். நம் சடுகுடுவில் பாடிப் போகிறவரைப் போல, எதிரணி முழுவதும் அவரைப் பிடிக்கத்தான் காத்திருக்கும். எத்தனை கஜம் ஓடினார் என்பதே அவருடைய மதிப்பெண்.

ஓட்டம் பெரும்பாலும் மோதலில்தான் முடியும் என்பதால் இவர்களின் உடல் சீக்கிரம் தேய்ந்துவிடும். 1977-இல் ஹைஸ்மன் கோப்பை வென்று, ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் புகழ்பெற்ற ஏர்ல் கேம்ப்பெல்லுக்குப் பிற்காலத்தில் நடக்கவே ஊன்றுகோலின் துணை தேவைப்பட்டது. ஆகவே, எப்போது நிறுத்துவது என்பது இவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

அதற்குத் தம் வழியில் விடை கண்டவர் பேரி சாண்டர்ஸ். 1968-இல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் பிறந்தவர். தந்தை கூரை வேய்பவர். வீட்டில் பதினொரு குழந்தைகள். உயரம் 5 அடி 8 அங்குலமே. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸ் என்ற மூத்த வீரரின் நிழலில் இருந்தார். 1988-இல் முழு வாய்ப்புக் கிடைத்தது. 11 ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார். ஹைஸ்மன் கோப்பை அவருக்கே. 2024-இல் ஆஷ்டன் ஜென்ட்டி 14 ஆட்டங்கள் ஆடியும் அந்தக் கணக்கை எட்ட 27 கஜம் குறைந்தது.

1989-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டின் கடைசி ஆட்டத்தில், அதிக கஜம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு வெறும் 10 கஜம் பாக்கி. மீண்டும் இறங்குகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டபோது, வேண்டாமென்று மறுத்துவிட்டார். டச்டவுன் அடித்தாலும் ஆட்டம் பாட்டம் இல்லை. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடப்பார்.

ஆடிய 10 ஆண்டுகளிலும் ஆயிரம் கஜத்துக்குக் குறையவில்லை. 1997-இல் மட்டும் 2,053 கஜம். ஆனால் அந்தப் பத்தாண்டில் அவர் அணி பிளே-ஆஃபில் வென்றது ஒரே ஒரு முறைதான்.

1999 ஜூலையில், 31 வயதில், சொந்த ஊர்ச் செய்தித்தாளுக்கு ஒரு ஃபாக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார். காலில் காயமில்லை. அவர் ஓடியிருந்தது 15,269 கஜம். வால்டர் பேட்டனின் அன்றைய சாதனை 16,726. இடைவெளி 1,457 கஜம். நல்ல ஆண்டு ஒன்றில் அவர் அதைவிட அதிகம் ஓடியிருக்கிறார்! ரசிகர்கள் கொதித்தார்கள். ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் நேர்ந்தது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஆடும் ஆசை வற்றிவிட்டதைப் பின்னர் தம் சுயசரிதையில் எழுதினார்.

பேட்டனின் சாதனையை 2002-இல் எம்மிட் ஸ்மித் முறியடித்தார். சாண்டர்ஸ் 2004-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். கோபித்துக்கொண்ட அதே டெட்ராய்ட், 2023-இல் மைதான வாசலில் அவருக்குச் சிலை வைத்தது. ஓடிய கஜங்களுக்காகப் போற்றப்படுபவர் பலர். ஓடாமல் விட்ட 1,457 கஜத்துக்காகவும் பேசப்படுபவர் இவர்.