நந்தனார் பெயரால் ஒரு கல்விப்பணி

திருநாளைப்போவார் நாயனார் தில்லைக்கூத்தனின் திருவடி சேர்ந்த தலம் சிதம்பரம். அந்நகரின் ஓமக்குளம் பகுதியில் அவர் திருப்பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளி, துறவி ஒருவரின் தொண்டுக்குச் சான்றாக விளங்குகிறது.

1890-ஆம் ஆண்டு, ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான குலத்தில் பிறந்தவர் முனுசாமி. பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. கோலார் தங்கவயலுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றது அக்குடும்பம். பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகள் அவ்விளைஞரைச் சீடராக ஏற்றார். சாத்திரங்களைக் கற்பித்து, சகஜானந்தர் என்னும் திருநாமமும் சூட்டினார்.

குருநாதரிடம் தாம் பெற்ற அரவணைப்பைத் தம்மைப் போன்ற பிள்ளைகளும் பெற வேண்டும் என்று எண்ணினார் சகஜானந்தர். 1910-இல் தில்லைக்கு வந்தவர், 1916-இல் 25 மாணவர்களுடன் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கல்வியோடு, தங்க இடமும் உண்ண உணவும் அளித்தார். சட்டமன்றத்தில் இடம்பெற்ற பின்னும் அப்பணியைக் கைவிடவில்லை. 1959-இல் மறையும் வரை அப்பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்.

பெருந்தொற்றுக் காலத்தில் கல்வியில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக, 2021-இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைக் கொணர்ந்தது. அது முதலில் தொடங்கப்பெற்ற மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில், பிள்ளைகள் வாழும் இடத்திற்கே சென்று கற்பித்தனர்.

ஆதரவற்ற பிள்ளைக்குப் பொருளுதவி மட்டும் போதாது. அருகில் அமர்ந்து, 'இன்று என்ன படித்தாய்?' என்று அன்போடு கேட்கும் பெரியவர் ஒருவரும் வேண்டும். ஆலயம் தொழுது திரும்பும் பெரியோர், அண்டையிலுள்ள அத்தகைய பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம். அதுவும் ஆண்டவன் உவக்கும் திருத்தொண்டே.