படியூர்க் கல்

திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையிலே படியூர் என்றொரு கிராமம் இருக்கிறது. அவ்வழியே போகும் நம்மவர் பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்த கற்களை அளித்த மண் இந்தப் பிரதேசத்து மண்ணே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு.

பெரில் என்பது ஆறு பட்டையாக வளரும் ஸ்படிகம். கடல் நீரின் நிறம் உடையதையே அதில் உயர்ந்ததாகப் பண்டை ரோமானியர் மதித்தனர். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, இக்கல் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று எழுதி வைத்தார். இந்தியர் ஸ்படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரிலென்று விற்கக் கற்றுக்கொண்டனர் என்றும் அவரே குறை கூறுகிறார். அந்தப் பழியையும் நாம் மறைப்பதற்கில்லை. கல்லோடு பெயரும் கப்பலேறிற்று. நமது வைடூரியமே பாலியில் வேளுரியமாகிக் கிரேக்கரிடம் பெரில்லோஸ் ஆயிற்று. ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடியை இன்றும் பிரில்லெ என்றழைப்பது அதன் வழிவந்ததே. நாமோ வைடூரியம் என்ற பெயரைப் பூனைக்கண் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய உரிமையாளனை மறந்தோம்!

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாய் அகப்பட்டன. 1904-ல் ராபர்ட் ஸ்யூவல், இத்தகைய காசுகள் கொங்கு நாட்டில் மலிந்து கிடப்பதற்கும் பெரில் சுரங்கங்களுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக் காட்டினார். நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வுகள் அதற்கு வலுவூட்டின. பெரில், நீலம், ஸ்படிகம் முதலிய கற்களை மணிகளாக்கிய தொழிற்கூடங்களின் எச்சங்கள் அங்கே வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர்.

பிற்காலத்துச் சரித்திரம் அவ்வளவு இனிமையானதன்று. கும்பினி ஆட்சியில், 1819-20-ம் வருஷத்தில், ஹீத் துரை என்பவர் படியூரில் சுரங்கம் நடத்தி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான கற்களை எடுத்தார். அவற்றின் கிரயம் சுமார் ஆயிரத்து இருநூறு பவுன் என்று கணக்கு எழுதப்பட்டது. கணக்கு நம்மிடம் இருக்கிறது. கற்களில் எத்தனை இந்நாட்டில் தங்கின என்று சொல்வார் எவரும் இல்லை.

அயலானை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. மழை பெய்து ஓய்ந்ததும் காங்கேய வட்டாரத்து உழவுசால்களில் கல் பொறுக்குவது இன்றும் வழக்கம். ஏழை உழவன் கையில் அகப்பட்ட கல் அற்ப விலைக்குத் தரகனிடம் போகிறது. பட்டை தீட்டப்பட்டு, ஊர் பேர் இழந்து, மோதிரத்திலே ஏறுகிறது. இயற்கையான ஆறு பட்டையோடும், ஒட்டிய தாய்ப்பாறையோடும், கிராமத்தின் பெயர், காட்டின் சர்வே எண், ஆழம், தேதி இவற்றோடும் ஒரு கல் பாதுகாக்கப்படுமாயின் அது சாட்சி. இவை இல்லாவிடில் வெறும் நகை. கொடுமணல் மணி எந்தச் சுரங்கத்துக் கல் என்று ஒப்பிட்டு நிறுவ விரும்பும் ரஸாயன நிபுணனுக்கு அந்தச் சாட்சிதான் தேவை.

காலம் கடத்துவதற்கு இல்லை. பெரிலிலிருந்து எடுக்கப்படும் பெரிலியம் அணுசக்திக்கும் விமானத் தொழிலுக்கும் வேண்டிய உலோகம். அதனால் நெடுங்காலம் ஸர்க்காரின் தனிப் பாதுகாப்பில் இருந்த இத்தாது, 2023-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. ஏலத்தில் தனியாரும் எடுக்கலாம் என்றாயிற்று. உலோகத்தை நாடி வருபவன் ஸ்படிகத்தின் அழகைப் பாரான், நொறுக்கி உலையிலிடுவான்.

காங்கேயத்திலோ திருப்பூரிலோ ஒரு சிறு காட்சிசாலை அமைய வேண்டும். உழவன் கொண்டுவரும் கல்லுக்கு அங்கே நியாயமான விலை கொடுத்து, அகப்பட்ட இடத்தை அவன் வாய்மொழியாலேயே எழுதி வாங்கட்டும். கட்டிடம் எழும்பும் வரை காத்திராமல், கல் சேகரிக்கும் அன்பர்கள் தம்மிடமுள்ள ஒவ்வொன்றிலும் இன்றைக்கே ஊரின் பெயரை எழுதி ஒட்டி வைப்பார்களாக.