ரஞ்சித்தின் பட்டறை

பா. ரஞ்சித் என்றதும் பேச்சு ‘கபாலி’ (2016), ‘காலா’ (2018) என்று ரஜினியைச் சுற்றியே ஓடுகிறது. ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநராக இருந்தவர் 2012இல் ‘அட்டகத்தி’ எடுத்தார். நகரமும் கிராமமும் கலந்து கிடக்கும் புறநகர்ப் பையன்கள் அதில் பஸ்ஸிலும் தெருவிலும் காதலித்தார்கள், தோற்றார்கள், சீக்கிரமே தேறியும் விட்டார்கள். அவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல வைக்காததே அந்தப் படத்தின் புதுமை. ஆனால், தானே இயக்கியதைவிட மற்றவர்களை இயக்க வைத்ததுதான் ரஞ்சித்தின் பெரிய சாதனை என்பேன்.

அவருடைய நீலம் நிறுவனம் தயாரித்த முதல் முழுநீளப் படம் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). அதன் முடிவில் இரண்டு டீ கிளாஸ்கள். பால் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று, நடுவில் ஒரு பூ. அவ்வளவு அடிவாங்கிய நாயகனுக்குப் பழிவாங்கும் சண்டை ஒன்றை வைத்திருந்தால் தியேட்டரில் கைதட்டல் நிச்சயம். அதைக் கேட்காத தயாரிப்பாளர் ஒரு புதுமுக இயக்குநருக்குக் கிடைப்பது அரிது. அதியன் ஆதிரை, பிராங்க்ளின் ஜேக்கப், தமிழ் என்று அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் முதல் படம் அங்கேதான் அமைந்தது. ஆவடி வழியே போகும் ரயில் பாதையில் இருக்கும் அரக்கோணத்தின் கிரிக்கெட்டை வைத்து ஜெயக்குமார் எடுத்த ‘ப்ளூ ஸ்டார்’ (2024) அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது.

நீலம் தயாரிப்பது எல்லாமே சாதியைப் பேசும் படங்கள், அரைத்த மாவுதானே என்று கேட்கிறார்கள். பெருமாள்முருகனின் சிறுகதையிலிருந்து எழுந்த ‘சேத்துமான்’ ஒரு தாத்தாவும் பேரனும் பற்றியது. ‘ரைட்டர்’ காவல் துறைக்குள் நடக்கிறது. ‘பொம்மை நாயகி’யில் யோகி பாபு ஒரு சிறுமியின் தகப்பன். காதலை வைத்து ஆயிரம் படம் எடுத்தபோது யாரும் இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. தயாரிப்பைப் புகழ்ந்து, இயக்குநராக அவர் சறுக்கியதை மூடி மறைக்கலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. மறைக்க வேண்டாம். ‘கபாலி’யில் நட்சத்திரமும் கதையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன; ‘தங்கலான்’ (2024) தன் கனவைச் சுமக்க முடியாமல் திணறியது. ‘சார்பட்டா பரம்பரை’யின் (2021) குத்துச்சண்டைக் களத்தை உயிரோடு எழுப்பியவரும் இவரேதான். ஆனால் முன்னோடி ஒருவரை அவர் எடுத்த படங்களை மட்டும் வைத்து அளந்தால் பாதி வேலை கணக்கில் வராது. ஆப்கானிஸ்தான் இயக்குநர் சித்திக் பர்மக் ‘ஒசாமா’ படத்துக்காக (2003) கோல்டன் குளோப் வாங்கினார், போரில் சிதைந்த நாட்டில் புதிய நடிகர்களையும் இயக்குநர்களையும் பயிற்றுவிக்கும் அமைப்பையும் நடத்தினார். விருது மட்டும் உலகத்தின் நினைவில் தங்கியது. இங்கே ‘கர்ணன்’, ‘மாமன்னன்’ என்று மாரி செல்வராஜ் வேறு தயாரிப்பாளர்களிடமும் போய்த் தன் கதையைத் தன் விருப்பப்படியே சொல்கிறார். அந்தத் துணிச்சலுக்கு முதல் பணம் போட்டது நீலம்.