டிராக்டர் ‘லிப்ட்’ திடீரென்று தூக்க மறுத்தால்...

அறுவடை நேரத்தில் ஒரு டிராக்டர் படுத்துவிட்டால் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் அல்ல. களத்திலிருந்து மூட்டை வராவிட்டால் மண்டியில் லாரி காத்து நிற்கும். மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டில் உள்ள பாக்கியும் தள்ளிப்போகும். நமது உறுப்பினர்களிலேயே டிராக்டரும் டிப்பர் டிரெய்லரும் வைத்து நெல், உரம், செங்கல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டியாக வாங்கியவர்களுக்கு முதலில் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் ஹைட்ராலிக்தான்.

எனக்குத் தெரிந்த நெல் வியாபாரி ஒருவரிடம் பழைய மாஸி பெர்குசன் 1035 இருந்தது. மாலை வரை டிப்பர் அடித்த வண்டி, மறுநாள் காலையில் கலப்பையைத் தூக்கவில்லை. வந்த மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் “பம்ப் போய்விட்டது” என்றார். சீட்டைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கி, புதுப் பம்ப் மாட்டினார்கள். இரண்டு நாள் வேலை. அப்போதும் தூக்கவில்லை! ஆயிலை டிப்பர் பக்கம் திருப்பிவிடும் வால்வு முதல் நாள் வைத்தபடியே இருந்தது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கையால் திருப்பினால் முடிந்திருக்கும் காரியம்.

பம்ப் தேய்வது மெதுவாக நடக்கும் விஷயம். காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது தூக்கும். மதியம் சூடேறி ஆயில் இளகியதும் திணறும். முன்பு தூக்கிய பாரத்தைத் தூக்காது. இப்படி மாதக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் ஓயும். நேற்று நன்றாக வேலை செய்து இன்று அடியோடு நின்றுவிட்டது என்றால் தேய்மானத்தைத் தேட வேண்டாம். ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது, கழன்றிருக்கிறது, உடைந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது ஆயில் போயிருக்கிறது.

1035 போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் டிரைவர் சீட்டுக்குக் கீழே, கியர் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். சுமார் 30 லிட்டர் பிடிக்கும். நான்கு சிறு பிஸ்டன்கள் அந்த ஆயிலைச் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு குழாய் வழியாக மேலே உள்ள சிலிண்டருக்குத் தள்ளும். அந்த அழுத்தம்தான் கைகளைத் தூக்குகிறது. இறக்குவதற்கு அழுத்தம் கிடையாது, பாரமே இறக்கிவிடும்.

முதலில் லீவர்களைப் பாருங்கள். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு லீவர்களில் ஒன்று உயரத்துக்கு, மற்றொன்று உழவின் இழுவைக்கு. உயர லீவரால் தூக்கும்போது இழுவை லீவர் மேலே இருக்க வேண்டும். ஏறி இறங்கும் ஆளின் கால் பட்டு அது கீழே போயிருந்தால் வண்டி தூக்காது. டிப்பர் வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்க்கவும். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும் என்பதைப் புது டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்து ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைகளையும் டிப்பரையும் இறக்கிவிட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். டிப்பர் வைத்திருப்போர் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஜாக்கி ஏற ஏற வண்டிக்குள் இருக்கும் ஆயில்தான் லிட்டர் லிட்டராக அதற்குள் போகிறது. அளவு ஏற்கெனவே குறைவாக இருந்தால், தொட்டி பாதி எழும்பியதும் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பிக்கும். ஆயில் நுரைத்திருந்தால் காற்று. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். தண்ணீர் கலந்த ஆயிலை முழுவதும் இறக்கி, உள்ளே இருக்கும் வடிகட்டியையும் கழுவிவிட்டே புது ஆயில் ஊற்ற வேண்டும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே வாங்கவும். நாலு டப்பாவில் மிஞ்சியதை ஒன்றாக ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

கைகள் தூக்குகின்றன, டிப்பர் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு வண்டிக்குள் இல்லை. ஹோஸ் மாட்டும் கப்ளிங் கடைசிவரை உட்காராவிட்டால் அதன் உள்வால்வு திறக்காது. தூசியைத் துடைத்து அழுத்தி மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தூக்கவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். லீவரை மேலே இழுத்ததும் என்ஜின் சற்றுத் திணறி, சீட்டுக்குக் கீழே ‘கீ’ என்று சத்தம் வந்தால் பம்ப் அழுத்தம் கொடுக்கிறது, ரிலீப் வால்வு அதைத் திறந்துவிடுகிறது என்று அர்த்தம். அப்போது பாரம் அதிகமா, சிலிண்டர் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்; பம்பின் மேல் பழி இல்லை. உள்ளே ஆயில் பீய்ச்சும் சத்தம் கேட்டால் குழாயின் ஓ-ரிங் போயிருக்கலாம். சில ரூபாய்ச் சாமான்தான், ஆனால் அதற்கும் மேல்மூடியைத் தூக்கியாக வேண்டும்.

சத்தமே இல்லையென்றால் பி.டி.ஓ.வை என்ஜின் பக்கம் போட்டுப் பின் ஷாப்ட் சுற்றுகிறதா என்று, கிட்டே போகாமல் பார்க்கவும். இந்த ரக வண்டியில் அந்தச் சுழற்சி பம்ப் வழியாகத்தான் பின்னால் வருகிறது. இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் பம்புக்கு வரும் ஷாப்டையோ கிளட்சையோ சந்தேகிக்கலாம். ஷாப்ட் சுற்றியும் தூக்கவில்லை என்றால் பம்பின் கண்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அதை ஆட்டும் நெம்பு விலகியிருக்கலாம். ஆயிலை இறக்கி, வலப்பக்கம் டிப் ஸ்டிக் உள்ள மூடியைத் திறந்தால் இது கண்ணுக்குத் தெரியும். மேல்மூடிக்குப் போகுமுன் இந்தப் பக்க மூடியைத் திறக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஏறிய தொட்டி பாதியில் நின்றுவிட்டால் உடனே கீழே குனிந்து பார்ப்பது நமது ஆட்களின் பழக்கம். ஒரு ஹோஸ் வெடித்தால் தொட்டி நொடியில் இறங்கிவிடும். கனமான இரும்பு முட்டுக் கொடுக்காமல் யாரும் கீழே தலையை நீட்டக்கூடாது. அங்கே நின்றுகொண்டு யூனியனைத் தளர்த்தவே கூடாது. கசிவைக் கையால் தடவித் தேடுவதும் ஆபத்து. ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும்; வலியும் முதலில் இராது. தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவும். பட்டுவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் அழுத்தத்தில் உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து வண்டி வரும்போது மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். காலி டிப்பரை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, முழுவதும் இறங்கிய நிலையில் டிப் ஸ்டிக்கை மறுபடி பார்க்கவும். ஹோஸிலும் ஜாக்கியிலும் நிறைந்தது போக அளவு குறைந்திருக்கும். அதை நிரப்பிய பிறகே பாரம் ஏற்றலாம்.